ஏலியின் வேலை போதும்: பள்ளிப் பிள்ளைகளிடம் இறையழைத்தல் பேசும்போது நேரும் தவறுகள்

"யாரெல்லாம் ஃபாதர் ஆகப்போறீங்க? கை தூக்குங்க பாப்போம்."

எட்டாம் வகுப்பு மறைக்கல்வியில் ஒரு நாள் இப்படித்தான் கேட்டேன். இறையழைத்தலுக்காக, அதாவது கடவுள் ஒருவரைத் தம் பணிக்குக் கூப்பிடும் அழைப்புக்காக, செபிக்கும் நல்லாயன் ஞாயிறு முடிந்து, கோடை விடுமுறையும் முடிந்து, பள்ளி திறந்த புதிது. நான்கு கைகள் எழுந்தன. அதில் ஒரு கை பாதிதான் எழுந்தது. முழங்கை மேசையை விட்டு நகரவே இல்லை. நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தேன். அன்று மாலையே அந்தப் பாதிக் கைப் பையனின் அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெரியவர்கள் அவனை "என்ன சாமி, சௌக்கியமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். விளையாட்டாகத்தான். இரண்டே மாதத்தில் பையன் பீடச் சிறுவர் குழுவை விட்டு நின்றுவிட்டான். வெகுநாள் கழித்து அவனே சொன்னான்: "பக்கத்துல இருந்தவன் தூக்குனான் டீச்சர், அதான் நானும்."

அவன்மேல் தப்பில்லை. கேள்விதான் தப்பு. பதின்மூன்று வயதில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் தூக்கிப் பதில் சொல்லும் கேள்வி அல்ல அது.

இறையழைத்தல் என்றால், ஆலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலைக் கடவுள் பேர் சொல்லிக் கூப்பிட்ட பைபிள் கதையைத்தான் எல்லோரும் எடுப்போம். நானும் வருஷா வருஷம் எடுக்கிறேன். ஆனால் அந்தக் கதையில் ஆசிரியர் இடத்தில் இருப்பவர் ஆலயத்து முதிய குருவான ஏலி என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆனது. பையன் மூன்று முறை ஓடிவருகிறான். "நீர் கூப்பிட்டீரே" என்கிறான். முதல் இரண்டு முறை ஏலிக்கே ஒன்றும் புரியவில்லை, போய்ப் படு என்கிறார். மூன்றாவது முறைதான் அவருக்குப் பிடிபடுகிறது. பிடிபட்ட பிறகும் என்ன செய்கிறார்? "உன்னைக் கடவுள் தேர்ந்துகொண்டார்" என்று ஊரைக் கூட்டவில்லை. மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்கிறார். கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார். கூப்பிடுவதும் கேட்பதும் அந்த இருவருக்குள் நடக்கட்டும் என்று விலகிக்கொள்கிறார். நம்முடைய தவறுகள் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டும்போதுதான் வருகின்றன.

அழைத்தல் என்றால் குருமடம் (குருக்களுக்கான பயிற்சி இல்லம்) மட்டும் என்று பேசுவது

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வகுப்பு முடிந்து பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "எனக்கு நர்ஸ் ஆகணும் டீச்சர். அப்ப கடவுள் என்னைக் கூப்பிடலையா?" அன்று நான் நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் புரிந்துகொண்டது இது.

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் 5ஆம் அதிகாரம் முழுக்க ஒரே விஷயம்தான்: தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது. திருமுழுக்குப் பெற்ற அன்றே அந்த அழைப்பு வந்துவிட்டது. குருத்துவம், துறவறம், திருமணம், தனியாக வாழ்ந்து ஊழியம் செய்வது எல்லாம் அதற்குப் பதில் சொல்லும் விதங்கள். ஆறு பத்தாண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் நம் வகுப்புச் சுவரொட்டியில் அங்கியும் முக்காடும் மட்டும்தான் இருக்கின்றன.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் அலைந்துகொண்டிருந்த மனிதர் குணமான பிறகு, படகில் ஏறப்போகும் இயேசுவிடம் கெஞ்சுகிறார்: நானும் கூடவே வருகிறேன். இயேசு சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய், உனக்கு நடந்ததை உன் உறவினரிடம் சொல் என்று அனுப்பிவிடுகிறார். "வா" என்று கேட்டவர்களைப் போலவே "வீட்டுக்குப் போ" என்று கேட்டவரும் அனுப்பப்பட்டவர்தான். அந்தச் சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இந்தக் கதையை.

நம் மண்ணிலேயே ஆள் இருக்கிறார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், மணமானவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயோடு பழகி விசுவாசத்துக்கு வந்தவர். வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனபோது அவருக்கு வயது 33. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். குருமடத்தின் படியேறாதவர் அவர். இந்தக் கடைசி விவரத்தைச் சொன்னதும் பின்பெஞ்சு நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் கிராமத்துக் கோயில்களின் உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறை வந்த ஊர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளி வீட்டில் உட்கார்ந்து, அடக்கத்துக்கு முன்னால் நடந்து, விசுவாசத்தைக் காத்து வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். பல பிள்ளைகளின் தாத்தா உபதேசியாராக இருந்திருப்பார். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த வீட்டுப்பாடத்துக்கு ஈடான பாடநூல் பக்கம் எதையும் நான் பார்த்ததில்லை.

மறுபக்கம் சாய்வது

மேலே சொன்ன தவறுக்குப் பயந்து இப்போது பல பள்ளிகளில் நேர்மாறான தவறு நடக்கிறது. இறையழைத்தல் வகுப்பு வேலைவாய்ப்பு வழிகாட்டி வகுப்பாகிவிடுகிறது. டாக்டர் ஆவது உன் அழைத்தல், கலெக்டர் ஆவது உன் அழைத்தல், கனவு காண், உழை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வகுப்பில் கூப்பிடுகிறவர் எங்கே? அவரை எடுத்துவிட்டால் அது அழைத்தல் இல்லை, ஆசை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' மடலில் இதற்குக் கூர்மையான ஒரு வழி காட்டுகிறார். நான் யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட, நான் யாருக்காக என்று கேள் என்கிறார். நர்ஸ் ஆகப்போகிறேன் என்ற பிள்ளையிடம் "யாருக்காக?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க பாட்டி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தரையில படுத்துக் கிடந்தாங்க" என்று பதில் வரலாம். அங்கிருந்துதான் வகுப்பு தொடங்குகிறது.

இதிலேயே இன்னொரு கூச்சமும் இருக்கிறது. கட்டாயப்படுத்துவதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று துறவறத்தைப் பற்றி வாயே திறக்காமல் விட்டுவிடுவது. அதுவும் அநியாயம். இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் மகிழ்ச்சியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே ஒரு பிள்ளை அதை யோசிக்கவாவது முடியும். பையன்களிடம் மட்டும் இதைக் கேட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளைக் கோலம் போட அனுப்புவதும் உண்டு. லூக்கா 8ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்: மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா எல்லோரும் இயேசுவோடு ஊர் ஊராய் நடந்தவர்கள்.

நேர்ந்துவிடுவது, தூண்டில் போடுவது

பிள்ளையில்லாமல் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, பிறந்த பிள்ளையை "இவன் மாதாவுக்கு" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த அம்மாக்களை நமக்குத் தெரியும். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் அதைப் பாராட்டிப் பேசிவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் போய்விடும். திருச்சபைச் சட்டத்தின் 219ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எந்த வற்புறுத்தலும் இல்லாமல் இருப்பது ஒவ்வொரு கிறிஸ்தவரின் உரிமை.

வயதும் தெரிந்திருக்க வேண்டும். 17 வயது முடியாமல் நவதுறவகத்தில் (துறவறப் பயிற்சியின் தொடக்கக் கட்டத்தில்) சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. வாழ்நாள் முழுதும் துறவியாக இருப்பேன் என்ற நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 முடிய வேண்டும், குருப்பட்டத்துக்கு 25. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். எழுதியதும் வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்கும். அவசரமில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

அடுத்தது தூண்டில். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், குருமட, துறவற வாழ்வை அறிமுகப்படுத்தும் 'வந்து பாருங்கள்' முகாம்கள் வரும். நல்ல ஏற்பாடுதான்; யோவான் நற்செய்தியில் இயேசு சொன்ன அதே வார்த்தை. ஆனால் ஆசிரியர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: "அவனுக்குப் படிப்பு வராது, வீட்லயும் கஷ்டம், குருமடத்துக்கு அனுப்பிடலாம், சாப்பாடும் இங்கிலீஷும் கிடைக்கும்." அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை வாங்கிக் கொடுங்கள், விடுதி பார்த்துக் கொடுங்கள். கஷ்டத்துக்குத் தீர்வு வேறு, அழைத்தல் வேறு. இரண்டையும் முடிச்சுப் போட்டால், பின்னால் அந்தப் பிள்ளை விலக நினைக்கும்போது நன்றிகெட்டவன் என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

வெளியிலிருந்து வருகிற யாரும் ஒரு பிள்ளையைத் தனியே அறைக்குள் அழைத்துப் பேச விடாதீர்கள். எத்தனை பெரியவரானாலும் சரி. கதவு திறந்திருக்கட்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும்.

சீடன் என்றால் நல்ல பிள்ளை என்று நினைப்பது

சீடத்துவம் பற்றிய வகுப்புகள் பல நேரம் ஒழுக்க அறிக்கை மாதிரி ஆகிவிடுகின்றன. பூசைக்கு வந்த எண்ணிக்கை, மறைக்கல்வித் தேர்வு மதிப்பெண், சீருடை, பதக்கம். அந்தக் கணக்கில் பேதுரு தேறவே மாட்டார். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர்.

நம் ஊர் வழக்கப்படி சீடன்தான் குருவைத் தேடிப் போவான். ஏற்றுக்கொள்ளும்வரை வாசலில் காத்திருப்பான். நற்செய்தியில் இது தலைகீழ். நீங்கள் என்னைத் தேர்ந்துகொள்ளவில்லை, நான்தான் உங்களைத் தேர்ந்துகொண்டேன் என்பது யோவான் 15இல் இயேசு சொன்னது. தகுதி பார்த்து அல்ல. மாற்கு 3:14 ஒரு வரிசையையும் தருகிறது: பன்னிருவரை நியமித்தது முதலில் தம்மோடு இருப்பதற்கு, பிறகு அனுப்புவதற்கு. நாம் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவுகிறோம். கூட இருக்கப் பழகாத பிள்ளையிடம் எங்கே போவாய் என்று கேட்கிறோம். வாரத்துக்கு மூன்று நிமிட மௌனம், ஒரே ஒரு நற்செய்திக் காட்சி, பிறகு "இதுல நீ எங்க நிக்கிற?" என்ற ஒரே கேள்வி. முதல் மாதம் சிரிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனிதர்களைச் சொல்லும்போதும் இதே அவசரம். அன்னை தெரேசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைக் கேட்டார், ஏழைகளிடம் போனார் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறோம். நடுவில் இருப்பதுதான் பிள்ளைகளுக்குத் தேவை. 18 வயதில் வீட்டை விட்டு வந்து, ரயிலேறிய அந்த நாளில் ஏற்கெனவே ஏறக்குறைய பதினெட்டு வருஷமாகத் துறவற வாழ்வில் இருந்தவர். கேட்ட பிறகும் அனுமதிக்காகக் காத்திருந்து, லொரேட்டோ மடத்தை விட்டு வெளியே வந்தது 1948 ஆகஸ்டில். அதன்பின் பல ஆண்டுகள் மனத்துக்குள் இருட்டு, கடவுள் பக்கத்தில் இல்லை என்ற உணர்வு. இதைச் சொல்லாவிட்டால், தன் காதில் குரல் எதுவும் கேட்காத பிள்ளை தன்னைக் கடவுள் விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

15 வயதில் இறந்து 2025 செப்டம்பரில் புனிதரான இத்தாலியச் சிறுவன் கார்லோ அகுதிஸ் பற்றிச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "சின்ன வயசுல செத்தாதான் புனிதரா டீச்சர்?" சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. கூடவே வயதான ஒரு புனிதரையும் சொல்லுங்கள்.

தன்னை விட்டுவிட்டு எண்ணுவது

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் ஆளாளுக்குத் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுவார்கள். மறைக்கல்வி ஆசிரியர்களும் அதே கணக்குதான். பிள்ளைகளின் அழைத்தலைப் பற்றி வருஷமெல்லாம் பேசுவோம், நம்முடையதைச் சேர்க்கமாட்டோம். "உங்களைக் கூப்பிட்டாரா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. ஆசிரியர் வேலைக்கு நான் வந்த கதை அப்படியொன்றும் பக்திமயமானது அல்ல. அதையே சொன்னேன். அந்த வகுப்பை இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள்தான் பல இடங்களில் அதிகம். அவர்களையும் பொது அசெம்பிளியில் நிற்க வைத்து இறையழைத்தல் உரை நிகழ்த்துவது முறையல்ல. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் சமய போதனையில் ஒரு மாணவரைக் கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. நன்னெறி வகுப்பில் "நான் யாருக்காக?" என்ற கேள்வியை மட்டும் வையுங்கள். அதற்கு எந்த வீட்டுப் பிள்ளையும் பதில் எழுதலாம்.

கை தூக்கச் சொல்வதை நிறுத்திய பிறகு வகுப்பில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்திருக்கிறேன். பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். போன வாரம் வந்த ஒன்று: "சாமுவேலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் பேர்ல நம்ம கிளாஸ்லயே மூணு பேர் இருக்கோம். என்னைத்தான்னு எப்படித் தெரியும்?" இன்னும் பதில் எழுதவில்லை. அடுத்த வகுப்பில் சீட்டைப் படித்துக் காட்டி, அவர்களையே கேட்கலாம் என்று இருக்கிறேன்.