இரட்டைக் குழாய் ரெகுலேட்டரைப் பட்டறையில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகில் ஒரு வட்டமான பித்தளை டப்பா, அதிலிருந்து இரண்டு தோள்களையும் சுற்றி வாய்க்கு வரும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்கள். 1950, 60களின் ஸ்கூபா படங்களில் பார்க்கிற, சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் இந்த ரெகுலேட்டரைத் தானே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. நியாயமான ஆசைதான். மூச்சுக் குமிழிகள் முகத்துக்கு முன்னால் பொங்காமல் முதுகுப் பக்கம் போய்விடுவதால், கடலுக்கடியில் படம் எடுப்பவர்களுக்கு இன்றும் இது பிடிக்கும். திறந்து பார்த்தால் உள்ளே, மூச்சை இழுத்ததும் வளையும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம் ஒன்று, அது அழுத்தினால் வால்வைத் திறக்கும் ஒரு லீவர், சில வால்வுகள். இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தப் பாகங்கள் எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்பதில்தான் மூச்சே இருக்கிறது. அது வெளிப்பார்வைக்குத் தெரியாது.

முதலில் ஆபத்தான தவறைச் சொல்லிவிடுகிறேன்: சிலிண்டரின் முழு அழுத்தத்தைத் தாங்கி, அதை முதல் கட்டமாகக் குறைக்கும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும் நாமே லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்று நினைப்பது. சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன அடைப்பு மரையின் மேல் சுமார் 230 கிலோ விசை விழுகிறது. எந்தக் கலவை என்று சான்று இல்லாத பித்தளைத் தடி, உள்மூலையில் விழுந்த ஒரு கூரான வெட்டு, ஒரு சுற்று குறைவான மரை என்று எதில் வேண்டுமானாலும் விரிசல் தொடங்கலாம். அதற்குப் பக்கத்தில் இருக்கப்போவது உங்கள் கழுத்து. உதிரிபாகம் இன்னும் கிடைக்கிற, தொழிற்சாலையில் செய்த ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜை வாங்குங்கள். டப்பா, லீவர், குழாய், மவுத்பீஸ் ஆகிய தாழ்வழுத்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் செய்யுங்கள். கைவண்ணம் காட்டுவதற்கு அங்கேயே நிறைய இடம் இருக்கிறது. அழுத்தம் தாங்கும் பாகம் எதையாவது செய்தே ஆக வேண்டும் என்றால், அதைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும். தண்ணீர் அழுந்தாது. அதனால் பாகம் உடைந்தாலும் பெரும்பாலும் ஒழுகுவதோடு போய்விடும். காற்று வைத்துச் சோதித்தால் அது வெடிக்கும்.

அடுத்தது மரை. ரெகுலேட்டரின் தாழ்வழுத்தத் துளைகளுக்குப் பரவலாக உள்ள அளவு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, யுஎன்எஃப் வகை (அங்குலக் கணக்கிலான நுண்மரை). நம் பட்டறைகளில் எளிதாகக் கையில் கிடைப்பது 10 மில்லிமீட்டர் மரை வெட்டும் எம்10 டேப். நுண்மரை எம்10-இன் இடைவெளி 1 மில்லிமீட்டர், யுஎன்எஃப் மரையின் இடைவெளி 1.06 மில்லிமீட்டர். விட்டத்திலும் அரை மில்லிமீட்டருக்குள்தான் வித்தியாசம். ஆகவே எம்10 துளையில் 3/8 பொருத்து சில சுற்று ஏறும், கையால் இறுக்கினால் நின்றும்விடும். ஆனால் மரையின் நுனிகள் மட்டும்தான் பிடித்திருக்கும். 'கொஞ்சம் லூஸாக இருக்கிறது, டெஃப்லான் டேப் சுற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்த வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இந்த இணைப்புகளில் காற்றை அடைப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், பிடித்துக்கொள்வது மரை. டெஃப்லான் டேப்புக்கு இதில் வேலையே இல்லை. அது பிய்ந்தால் துணுக்கு நேராக, வால்வு மூடிக்கொள்ளும் இடமான வால்வு இருக்கைக்குத்தான் போகும்.

இனி நான் நிதானமாகப் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். 1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ, பொறியாளர் எமில் கன்யான் இருவரும் தங்கள் முதல் கருவியைப் பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் சோதித்தார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் வாயுவில் ஓடிய கார்களுக்காகக் கன்யான் செய்திருந்த ரெகுலேட்டரிலிருந்து பிறந்தது அது. கிடையாக நீந்தியபோது நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றதும் காற்று தானாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சு கிடைப்பது சிரமமாயிற்று. காரணம், மூச்சு வெளியேறும் வால்வு ஓர் இடத்தில், காற்றைக் கொடுக்கும் டயாஃப்ரம் வேறோர் இடத்தில். வெளியேறும் வாய் டயாஃப்ரமை விட உயரத்தில் இருந்தால், அங்கே நீரின் அழுத்தம் குறைவு. குழாய்க்குள் இருக்கும் காற்று அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி ஓடும், டயாஃப்ரம் உள்ளே இழுபடும், வால்வு திறந்தே கிடக்கும். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததும் சிக்கல் தீர்ந்தது.

எண்பது ஆண்டுக்குப் பிறகும் வீட்டில் செய்பவர்கள் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். டப்பாவின் ஓரத்தில் வசதியான இடம் இருக்கிறதே என்று வெளியேற்று வால்வை அங்கே வைத்துவிடுவார்கள். வாத்தலகு போன்ற அந்த ரப்பர் வால்வின் வாய், டயாஃப்ரமின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு அருகில் வர முடியுமோ அவ்வளவு அருகில் வர வேண்டும். 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 10 மில்லிபார். ஸ்கூபா கருவிகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 250, 50 மீட்டர் ஆழத்தில் மூச்சு இழுக்கவும் விடவும் அனுமதிக்கும் உச்ச அழுத்தமே 25 மில்லிபார்தான். வால்வை வைத்த இடத்திலேயே அதில் பாதியை நெருங்கிவிடுகிறோம்.

டப்பாவை முதுகில் எங்கே மாட்டுகிறோம் என்பதும் இதே கணக்குதான். கவிழ்ந்து நீந்தும்போது டப்பா வாயை விட மேலே இருப்பதால் இழுப்பது எப்போதும் சற்றுக் கடினம். மல்லாந்தால் காற்று தாராளமாக வரும். சிலிண்டரைக் கழுத்துப் பக்கம் தூக்கிக் கட்டாமல், டப்பா தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகை ஒட்டி இருக்கும்படி இறக்கிக் கட்டுங்கள். 'ரெகுலேட்டர் சரியில்லை' என்று சொல்பவர்களில் பலருக்குக் கட்டிய இடம்தான் சரியில்லை.

டயாஃப்ரமைச் சிறியதாக்கி டப்பாவை அழகாகக் குறுக்கலாம் என்பதும் தவறான ஆசை. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரமில் 2.5 சென்டிமீட்டர் நீர்மட்ட உறிஞ்சல் ஏறத்தாழ 200 கிராம் விசையைத் தரும். விட்டத்தைப் பாதியாக்கினால் 50 கிராம்கூடத் தேறாது. அதை வைத்து லீவரை அழுத்த வேண்டும். லீவரின் உயரமும் கண்ணளவில் வைக்கிற விஷயம் இல்லை. மிஞ்சினால் காற்று கொட்டும். தாழ்ந்தால் ஆழத்தில் வேகமாக மூச்சு வாங்கும் நேரத்தில் வால்வு முழுதாகத் திறக்காது. டப்பாவின் விளிம்பிலிருந்து அளக்க ஒரு அளவுத் தகடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறை பிரித்துப் பூட்டும்போதும் உதவும்.

பழைய இரண்டு ஸ்டேஜ் ரெகுலேட்டர்களைப் பார்த்துச் செய்பவர்கள், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்துத் தரும் இடைநிலை அழுத்தத்தைக் கேஜில் பார்த்து, 8 அல்லது 9 பார் காட்டியதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஒரு கணம் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. கேஜை மாட்டி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுப் பாருங்கள். முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் வால்வு இருக்கை கசிகிறது. இருக்கை மோதும் உலோக விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மயிரிழைக் கீறல் ஒன்று தெரியும். அந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கப் போகாதீர்கள், வடிவமே மாறிவிடும். அப்புறம், அந்த அழுத்தத்தை மூச்சுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கும் செகண்ட் ஸ்டேஜின் வால்வு காற்றின் போக்கிலேயே திறக்கும் வகையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி இருந்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கசிந்து அழுத்தம் ஏறும்போது வால்வு தானே திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். எதிர்ப்போக்கில் திறக்கும் வகை என்றால் அழுத்தம் போக வழி இருக்காது, ஹோஸ் வெடிக்கும். அதற்குத் தனியாக, மிகை அழுத்தத்தை வெளியே விடும் ஒரு ரிலீஃப் வால்வு கட்டாயம்.

மவுத்பீஸில் உள்ளிழுக்கும் பக்கம் ஒன்று, வெளிவிடும் பக்கம் ஒன்று என காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு தடுப்பு வால்வுகள் வேண்டும். ஆரம்பக் கால மவுத்பீஸ்களில் அவை இல்லை என்பதற்காக, அசலைப் போலவே இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் குழாயில் நிற்கும் கரியமில வாயுவையே திரும்பச் சுவாசிப்போம், உள்ளே புகும் தண்ணீரும் டப்பா வரை போகும்.

ரப்பர் விஷயத்தில் பழமை வேண்டாம். அறுபது வருடத்துக்கு முந்தைய குழாய் பார்க்க நன்றாக இருந்தாலும் மடிப்புகளின் அடியில் வெடித்திருக்கும். பெட்ரோலிய கிரீஸ் பல ரப்பர்களை உப்பவைக்கும், ஆக்சிஜன் செறிந்த காற்றில் தீயும் பிடிக்கும். சிலிகோன் கிரீஸை சிலிகோன் ரப்பரின் மேல் தடவினால் அதுவும் உப்பும். குரோம் பூசிய பாகங்களைச் சுத்தம் செய்ய வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம், நிமிடக் கணக்கில் எடுத்துவிடுங்கள்.

சோதனைக்குப் பட்டறை கம்ப்ரஸரை மாட்டி லீவரைச் சரிபார்க்கலாம். ஆனால் அந்தக் காற்றை வாய் வைத்து இழுக்கக் கூடாது. சுவாசக் காற்றுக்கு ஐரோப்பியத் தரம் கார்பன் மோனாக்சைடை 5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 5 பங்குக்கு) மேல் அனுமதிப்பதில்லை. பட்டறை கம்ப்ரஸரில் அதைப் பார்ப்பவர் யாரும் கிடையாது.

பிறகு நீச்சல் குளம், 3 மீட்டருக்குள். பக்கத்தில் நவீன ரெகுலேட்டரும் மாற்று மவுத்பீஸும் உள்ள ஒரு பயிற்சி பெற்ற துணை, உங்கள் சிலிண்டரில் ஒரு பிரஷர் கேஜ், இவை இல்லாமல் இறங்காதீர்கள். குளம்தானே என்று மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வராதீர்கள். ஒன்றரை மீட்டரிலிருந்து ஏறினாலும் நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. இறங்குவதற்கு முன், சிலிண்டரை மூடி, லைனில் உள்ள காற்றை இழுத்துத் தீர்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். ஒன்றும் வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அன்று இறங்க வேண்டாம். மேலே வந்ததும் டப்பாவைத் திறந்து டயாஃப்ரமின் உலர் பக்கத்தைப் பாருங்கள். துளித் தண்ணீர் இருந்தாலும், அது டயாஃப்ரம் விளிம்பு வழியாக வந்ததா, குழாய்ப் பட்டை வழியாக வந்ததா, வாத்தலகு வால்வு வழியாக வந்ததா என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த முறை இறங்குங்கள்.