பார்வையற்றவர் கேமிங் மடிக்கணினி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கணினிக் கடைக்குச் சென்று கேமிங் மடிக்கணினி வேண்டும் என்று கேட்டால், விற்பனையாளர் முதலில் எடுத்துச் சொல்வது பெரும்பாலும் திரையைப் பற்றியதாகவே இருக்கும். நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரை, துல்லியமான வண்ணங்கள், விசைகளுக்கு அடியில் மாறி மாறி ஒளிரும் விளக்குகள் என்று அவர் அடுக்கும் சிறப்புகளுக்கெல்லாம் விலையில் பங்கு உண்டு. முற்றிலும் பார்வையற்ற ஒருவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. அவர் அந்த இயந்திரத்தை அறியப்போவது விரல்களாலும் காதுகளாலும்தான். ஆனால் கடையில் அவ்விரண்டுக்கும் வேலை கொடுக்காமலேயே பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. திரையைப் பார்க்கப் போவதில்லையே, பிறகு கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும், எந்த விளையாட்டை ஆடப்போகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். முழுக்க ஒலியைக் கொண்டே உருவாக்கப்பட்ட ஆடியோ கேம்களுக்கு, எடுத்துக்காட்டாக 2021இல் வந்த ‘தி வேல்’ போன்றவற்றுக்கு, சாதாரண அலுவலக மடிக்கணினியே தாராளம். ஆனால் 2023இல் வெளியான ‘ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்’ பார்வையற்றவர் கார் ஓட்டுவதற்கென்றே ஒலிக்குறிப்புகளைக் கொண்டது. அதே ஆண்டின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ ஆட்டத்தில் எதிராளி எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதை ஒலியாலேயே அறியலாம். இவை எல்லோருக்குமான விளையாட்டுகள் என்பதால், நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கணினி ஒவ்வொரு காட்சியையும் வரைந்தே தீர வேண்டும். வரைவதில் அது திணறினால், நாம் விசையை அழுத்தியதற்கும் ஆட்டம் பதில் தருவதற்கும் இடையே தாமதம் விழும். தப்ப வேண்டிய அடி நம் மேல் விழுந்த பிறகுதான் எச்சரிக்கை ஒலி கேட்கும்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதற்பகுதியின் கணினிப் பதிப்பு குறைந்தபட்சத் தேவையாகவே 16 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்டு, 100 ஜிபி எஸ்எஸ்டி இடம் ஆகியவற்றைக் கேட்கிறது. இங்கே பார்வையற்றவருக்கு ஒரு வசதி இருக்கிறது. படத்தின் தரத்தையும் அளவையும் மிகக் கீழே இறக்கி வைத்துவிட்டால் ஆட்டத்தில் அவருக்கு எந்தக் குறையும் வராது. ஆகவே நடுத்தரமான கார்டு போதும். மிஞ்சும் பணத்தை ரேமுக்கும் 1 டிபி எஸ்எஸ்டிக்கும் செலவிடுவதே என் பரிந்துரை.

விசைப்பலகையைத் தடவிப் பார்க்காமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கி இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான என்விடிஏ திரை வாசிப்பானுக்கு இன்சர்ட் விசைதான் உயிர்நாடி. பல மடிக்கணினிகளில் அது டெலீட் விசையோடு சேர்ந்து, எஃப்என் விசையை அழுத்தினால் மட்டுமே கிடைப்பதாக இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கேப்ஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதையே தனக்கென எடுத்துக்கொள்ளும் விளையாட்டுகளில் இரண்டும் மோதும். பக்கத்தில் எண் விசைகள் இல்லாத 14 அங்குலக் கணினிகளில் என்விடிஏவின் கட்டளைகளில் பலவற்றை வேறு வரிசையில் புதிதாகக் கற்க வேண்டும். எண் விசைகள் இருக்கும் கணினிகள் சிலவற்றிலோ அம்பு விசைகளைப் பாதி உயரத்துக்குச் சுருக்கி, இடைவெளியே இல்லாமல் எண் விசைகளுக்குள் செருகிவிடுகிறார்கள். ஓடும் ஆட்டத்தின் நடுவே மேல் அம்பும் கீழ் அம்பும் ஒரே விரலில் சிக்கினால் என்ன நேரும் என்பதை ஆடுபவர்கள் அறிவார்கள். 2024 முதல் வரும் பல புதிய கணினிகளில் வலப்பக்கக் கன்ட்ரோல் விசை அல்லது மெனு விசை இருந்த இடத்தை, செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசை பிடித்துக்கொண்டிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றைக் கடையிலேயே சோதிக்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே உள்ள நேரேட்டர் என்ற திரை வாசிப்பான் பேசத் தொடங்கும். பிறகு கேப்ஸ் லாக்குடன் 1ஐ அழுத்தினால், எந்த விசையைத் தொட்டாலும் அதன் வேலை நடக்காமல் பெயர் மட்டும் ஒலிக்கும். அந்த நிலையில் எஃப், ஜே விசைகளின் மேலுள்ள மேடுகள் விரலுக்குத் தெளிவாகப் படுகின்றனவா, எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகள் நான்கு நான்காக இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றனவா, ஹோமும் என்டும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். ஆன் செய்யும் பொத்தான் டெலீட்டுக்கு ஒட்டி இருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதே நல்லது. என்விடிஏவின் கையடக்கப் பிரதியையும் பழகிய ஓர் ஆடியோ கேமையும் பென் டிரைவில் கொண்டுசென்றால், இரண்டு அம்பு விசைகளையும் ஸ்பேஸ் பாரையும் ஒன்றாக அழுத்தும்போது மூன்றும் பதிவாகின்றனவா என்றும் தெரிந்துவிடும். எல்லா மடிக்கணினிகளிலும் பதிவாவதில்லை.

ஒலியைச் சோதிக்கும்போது சொந்த ஹெட்ஃபோனையே பயன்படுத்த வேண்டும். கடையின் இரைச்சலில் உள் ஸ்பீக்கரை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. சார்ஜரைச் செருகிய நிலையில் ஹெட்ஃபோனில் ரீங்காரம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நொடி அமைதிக்குப் பின் திரை வாசிப்பான் பேசும்போது முதல் அசையை விழுங்குகிறதா என்பதும் முக்கியம். மின்சாரத்தைச் சேமிக்க ஒலிக் கருவி உறங்கிவிடுவதால் இது நேர்கிறது. அதை விழித்திருக்கச் செய்யும் அமைப்பு இப்போது என்விடிஏவிலேயே உள்ளது. புளூடூத் ஹெட்ஃபோனை நம்பி, கம்பி செருகும் துளையில்லாத கணினியை வாங்கக் கூடாது. புளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பிந்தி வருவது வழக்கம்; அம்பு பாயும் ஒலியைக் கேட்டு விலக வேண்டியவருக்கு அது பெரிய இடைவெளி. கூடவே தரப்படும் சரவுண்டு ஒலி மென்பொருளுக்காக அதிக விலை கொடுப்பதும் வீண். ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் கணக்கிட்டே நல்ல ஆடியோ கேம்கள் திசையை உணர்த்துகின்றன. அதன் மேல் இன்னொரு மென்பொருள் கை வைத்தால், முன்னால் கேட்க வேண்டியது பின்னால் கேட்பதுபோல் குழம்பிவிடும். அதை அணைத்துவிட வேண்டும்.

மின்விசிறியின் சத்தத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. பார்த்து ஆடுபவருக்கு அது தொந்தரவு மட்டும். கேட்டு ஆடுபவருக்கோ மெல்லிய காலடி ஓசையை மறைக்கும் திரைச்சீலை. அமைதியான இயக்க முறைக்கு மாற ஒரு விசைச் சேர்க்கை இருக்கிறதா என்று கேட்டு, அழுத்திப் பார்த்தே வாங்க வேண்டும். அந்த மாற்றத்தை நிறுவனத்தின் தனி மென்பொருள் வழியாக மட்டுமே செய்ய முடியும் என்றால், அந்த மென்பொருளைத் திரை வாசிப்பானால் படிக்க முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். பல மென்பொருள்களில் பொத்தான்களுக்குப் பெயரே இருப்பதில்லை.

குறைபார்வை உள்ளவர்களுக்குத் திரை முக்கியம்தான், ஆயினும் விலை உயர்ந்த திரையே நல்ல திரை என்பதில்லை. 15 அங்குலத்தில் 4கே திரை வாங்கினால், விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்க முடிந்தாலும் சில விளையாட்டுகளுக்குள் எழுத்து எறும்பளவாகிவிடும். பளபளப்பான திரையில் குழல் விளக்கும் சன்னலும் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும்; மங்கிய மேற்பரப்பே உகந்தது. வீட்டில் பெரிய டிவி இருந்தால் எச்டிஎம்ஐ கம்பி வழியாக இணைத்து, டிவியின் கேம் முறையில் ஆடுவது 17 அங்குல மடிக்கணினியைவிடச் சிக்கனமானது. முழுத்திரை ஆட்டங்களில் விண்டோஸ் உருப்பெருக்கி பல நேரம் வேலை செய்யாது என்பதால், ஓரமில்லாத சாளர முறை (பார்டர்லெஸ்) உள்ள விளையாட்டுகளில் அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்ற பழைய நம்பிக்கையில் கடலூரிலிருந்து பேருந்தேறுவோர் இன்னும் இருக்கிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மடிக்கணினிக்கு இரண்டு ஊர்களிலும் ஒரே 18 சதவீத வரிதான். எந்தக் கடை நம்மை அரை மணி நேரம் உட்காரவைத்துச் சோதிக்க விடுகிறது, பழுது வந்தால் யார் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள் என்பவற்றை வைத்தே ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கேமிங் மடிக்கணினி பேட்டரியில் முழு வேகத்தில் ஓடாது என்பதையும், அதன் சார்ஜர் வீட்டு இன்வெர்ட்டரில் கூடுதல் சுமை ஏற்றும் என்பதையும் 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சல் புயலையும் கண்ட நம் பகுதியில் மறக்கக் கூடாது.

கடைசியாக, கணினியை இயக்கும்போது விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸ். அந்தத் திரையைத் திரை வாசிப்பான் படிக்காது. எஃப்என் விசையை அழுத்தாமலே எஃப்1, எஃப்2 வேலை செய்ய வேண்டும் என்ற அமைப்பு சில கணினிகளில் அங்கேதான் இருக்கிறது. பார்வையுள்ள ஒருவர் உதவியின்றி முடியாத இந்த ஒரு மாற்றத்தைக் கடை ஊழியரைக் கொண்டே செய்து முடித்துவிட வேண்டும். கணக்குத் தொடங்குவது, கடவுச்சொல் வைப்பது ஆகியவற்றை அவரிடம் விட வேண்டாம். விண்டோஸின் முதல் அமைவுத் திரையிலேயே அதே மூன்று விசைகளுக்கு நேரேட்டர் பேசும் என்பதால், அவற்றை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம்.