ஆங்கில வகுப்பில் திரையும் செயலியும்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலைதான். அங்கே பார்க்கிற சறுக்கல்களில் பாதி, நானே ஒரு காலத்தில் செய்தவை. சார்ஜ் இல்லாத லேப்டாப், பாதியில் நிற்கும் இணையம், சத்தம் வராத ஸ்பீக்கர் பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் தானாகத் திருந்திவிடுவார்கள். வகுப்பு அருமையாகப் போனது என்று நம்பவைக்கும் தவறுகள்தான் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

சத்தத்தை ஆர்வம் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கஹூட் மாதிரியான வினாடி வினா விளையாட்டு நடக்கிறது. திரையில் கேள்வி, நான்கு வண்ணங்களில் விடைகள், ஓடும் கடிகாரம், பின்னணியில் துள்ளும் இசை. வகுப்பே அதிர்கிறது. மணி அடித்ததும் "நாளைக்கும் இதையே வைங்க" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். ஆசிரியர் பூரிப்போடு என்னிடம் வருகிறார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இவ்வளவு நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் யாராவது பேசினார்களா? அநேகமாக இருக்காது. கத்தியது, கிண்டலடித்தது, கைதட்டியது எல்லாம் தாய்மொழியில். ஆங்கிலத்துக்கு மிஞ்சியது விரலால் ஒரு தட்டு.

அந்த விளையாட்டு மதிப்பெண் போடும் விதத்தையும் பலர் கவனிப்பதில்லை. சாதாரண அமைப்பில் சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள். நேரம் போகப் போக அது குறைந்து, கடைசி நொடியில் 500-க்கு வந்து நிற்கும். 20 நொடிக் கேள்வியை 15 நொடி நிதானமாகப் படித்துச் சரியாகச் சொன்ன மாணவிக்கு 625 கிடைக்கும். கேள்வியைப் பாதி படித்து, குருட்டாம்போக்கில் 2 நொடியில் அடித்தவனுக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் 950. தவறான விடைக்குக் கழிவும் கிடையாது. ஒரு வாக்கியத்தை மெதுவாகப் படித்து யோசிக்கும் பழக்கத்தைத்தானே நாம் வளர்க்கப் பார்க்கிறோம்? இங்கே பரிசு அதற்கு நேர் எதிராகப் போகிறது. முதல் ஐந்து பெயர் ஒவ்வொரு சுற்றிலும் திரையில் ஒளிரும். இரண்டு மூன்று கேள்வி தாண்டியதும் பின்பெஞ்ச் ஆசையை விட்டுவிட்டு ஏதோ ஒரு நிறத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வகுப்பில் 'ஹி டிடின்ட் ___ டு ஸ்கூல் எஸ்டர்டே' என்ற கேள்வி வந்தது. 'கோ' சரி. ஆனால் பாதி வகுப்பு 'வென்ட்' என்று அடித்திருந்தது. எந்த விடையை எத்தனை பேர் அடித்தார்கள் என்று திரையில் காட்டும் பட்டைகளில் இந்த இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. அதைவிட நல்ல வாய்ப்பு ஒரு இலக்கணப் பாடத்துக்குக் கிடைக்காது. ஆசிரியை "கரெக்ட் ஆன்சர் கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு எழுந்து போய் அந்த மௌஸைப் பிடுங்கலாமா என்றிருந்தது.

சரி, விளையாட்டே வேண்டாமா? வேண்டும். ஐந்தாறு கேள்வி போதும். நேரத்தைத் தாராளமாக வையுங்கள். ஒரு கேள்விக்கு 240 நொடி வரை வைக்க இடமிருக்கிறது. புள்ளிகளையே நிறுத்திவிடவும் வழி உண்டு. இரண்டு மூன்று பேருக்கு ஒரு கருவி கொடுத்து அணியாக ஆடவிடுங்கள். பட்டைகள் திரையில் வந்ததும் அங்கேயே நிறுத்தி, "வென்ட் போட்டவர்கள் ஏன் போட்டீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுங்கள். தப்பும் தவறுமாகத்தான் சொல்வார்கள், பரவாயில்லை. பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பரிசு, பதக்கம், நட்சத்திரம் விஷயத்திலும் கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விட்டபோது அவர்கள் வரைவது குறைந்துபோனது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. ஆங்கிலக் கதையை ஆசையாகப் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் புள்ளிக்கணக்கைத் தூக்கிப் பிடிக்கும்முன் இதை நினைத்துப் பாருங்கள்.

உச்சரிப்பை இயந்திரத்திடம் ஒப்படைப்பது

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் எல்லார் குரலையும் ஒரே மாதிரி புரிந்துகொள்வதில்லை. வகுப்பின் இரைச்சல், மைக்கின் தரம், பேசுபவரின் வட்டார வாடை எல்லாம் குறுக்கே வரும். மனிதருக்குத் தெளிவாகப் புரிகிற வாக்கியத்துக்கும் சிவப்புக் கோடு விழும். நான்கு முறை சிவப்பு வாங்கிய மாணவர் ஐந்தாம் முறை வாயே திறக்கமாட்டார். அதற்குப் பதில் ஃபோனில் இருக்கிற சாதாரண ரெக்கார்டர் போதும். தன் குரலைத் தானே பதிவுசெய்து, கேட்டு, மறுபடி பதிவுசெய்து, பிடித்ததை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். அந்தப் பதிவை வகுப்பு முன்னால் ஓடவிடாதீர்கள்.

வீடியோ போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது

பத்து நிமிடப் படம் ஓடினால், மூன்றாவது நிமிடத்திலேயே கண் மட்டும் திரையில் இருக்கும். இரண்டு நிமிடத் துண்டு எடுங்கள். முதலில் சத்தமில்லாமல் ஓடவிட்டு, என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் சத்தத்தோடு. கடைசியாக ஆங்கில வசன வரிகளோடு. தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் இரண்டாம் முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் பிழை திருத்துவது

தனியாக அனுப்புங்கள்.

வாரம் ஒரு புதுச் செயலி

பாஸ்வேர்டு தேடுவதிலேயே பாடவேளை போய்விடும்.

எல்லாரிடமும் கருவி இருக்கும் என்று நம்புவது

இல்லாதவர் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரின் கருவியை எட்டிப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டுவார். ப்ளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. மாணவர் கையில் அச்சிட்ட ஒரு காகித அட்டை, ஆசிரியர் கையில் ஒரு ஃபோன், அவ்வளவுதான். அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அது அவர்கள் விடை. ஃபோன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் எல்லார் விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்து அடிப்பதும் எளிதில்லை.