டிரயம்ப் டிஆர்6: பிரேக் விளக்கு அணையவில்லையா?

1970-களின் டிரயம்ப் டிஆர்6 காரில் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், உடனே ஒயரை வெட்டிவிடாதீர்கள். பிரேக் குழாய்கள் சேரும் பித்தளைக் கட்டையின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் இருக்கும். இன்ஜின் ஓடும்போது அதன் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. அணைந்தால் கோளாறு சுவிட்சிலோ கட்டைக்குள்ளோதான்.

சுவிட்சைக் கழற்றியதும் அதன் அடியை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஈரம் பட்டால் அது பிரேக் ஆயில், உள்ளே சீல் போய்விட்டது. அந்த நிலையில் விளக்கைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது ஆபத்து. சீலை மாற்றியே ஆக வேண்டும். காய்ந்திருந்து, பிரேக்கும் சரியாகப் பிடித்தால், புது சுவிட்ச் வரும்வரை ஒயர் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டி வைக்கலாம்.

இக்னிஷன் விளக்கின், அதாவது பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால் எச்சரிக்கும் விளக்கின், பழுப்பு-மஞ்சள் ஒயரை மட்டும் தொடவே தொடாதீர்கள். அந்த பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. அதைப் பிடுங்கினால் பேட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம்.