நாலு புத்தகம் ஒரே நேரத்துல படிக்க ஒரு முன்கதைச் சுருக்கம்

இப்போ என்கிட்ட நாலு புத்தகம் ஓடிட்டிருக்கு. மெட்ரோல பெங்களூர் வரலாறு பத்தின ஒண்ணு, ராத்திரி படுக்கையில ஒரு தமிழ் நாவல், சமையல் பண்ணும்போது காதுல ஒரு ஆடியோபுக், அப்புறம் கன்னடம் படிக்கக் கத்துக்கறதுக்காக பையனோட ரெண்டாங்கிளாஸ் கன்னடப் பாடப்புத்தகம். எல்லாம் குழம்பிடாதான்னு கேக்கறவங்க நிறைய பேர், சில பேர் முயற்சி பண்ணி பாத்துட்டு எல்லாத்தையும் அறுபதாவது பக்கத்துல விட்டுட்டேன்னு வருத்தப்படறாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது புதுப் பழக்கமே இல்ல. ஆம்பூர்ல எங்கம்மா கல்கி, விகடன், குமுதம் மூணையும் பக்கத்து வீட்டுக்காரங்களோட மாத்தி மாத்தி படிப்பாங்க, எப்பவும் அஞ்சாறு தொடர்கதை ஒண்ணா ஓடும், பிடிச்சத கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்சுக்குவாங்க. பொன்னியின் செல்வன் கல்கியில 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்தது, அத்தன பாத்திரத்தையும் மூணு வருஷத்துக்கு மேல மனசுல வெச்சுக்கிட்டு நடுவுல வேற கதையும் படிச்சவங்கதான் நம்ம பாட்டிமார். அம்மாகிட்ட எப்படிம்மா குழம்பாம இருந்துச்சுன்னு கேட்டா, "அதான் முன்கதைச் சுருக்கம்னு மேல போட்டிருப்பானேடி"ன்னாங்க. எனக்கு அந்த ஒரு வரியிலதான் வழி கிடைச்சுது. பத்திரிகைக்காரங்க அத நமக்காக எழுதிக் குடுத்தாங்க, புத்தகத்துல யாரும் எழுதித் தரமாட்டாங்க, நாமளேதான் எழுதிக்கணும்.

எப்படின்னா, பழைய கல்யாணப் பத்திரிகைய நீளவாக்குல வெட்டி வெச்சுக்கங்க, நல்ல கெட்டி அட்டை, உள்பக்கம் வெள்ளையா இருக்கும், அதான் புக்மார்க். புத்தகத்த மூடறதுக்கு முன்னாடி அதுல பென்சில்ல ரெண்டு மூணு வரி. நாவல்னா இப்போ கதை எங்க நிக்குது, யாருக்கு என்ன தெரியும் யாருக்குத் தெரியாது, கடைசியா எனக்கு இருக்கற ஒரு கேள்வி. என்னோட ஒரு துண்டுல "பக்கம் 112. பெரியவர் நிலத்த எழுதிக் குடுத்துட்டார், தம்பிக்குத் தெரியாது. கமலா ஏன் அழுதா?"ன்னு இருக்கு, அவ்வளவுதான். இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம், அதுதான் நாம நமக்குப் போட்டுக்கற "தொடரும்". கட்டுரைப் புத்தகம்னா வேற மாதிரி, இவர் என்ன சொல்ல வர்றார், எத வெச்சு சொல்றார், நான் ஒத்துக்கறேனா. உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க, புத்தகத்துல இருக்கற வரிய அப்படியே காப்பி பண்ணினா நாளைக்கு அது உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது.

எழுதறத அப்பவே எழுதிடணும். மறதி பத்தி 1885-ல எப்பிங்ஹௌஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னையே வெச்சு சோதனை பண்ணி புத்தகம் போட்டார், அர்த்தமில்லாத அசைகள மனப்பாடம் பண்ணி எவ்வளவு சீக்கிரம் போகுதுன்னு பாத்தார், முதல் சில மணி நேரத்துலதான் மளமளன்னு போகுது, அப்புறம் மெதுவாத்தான் தேயுது. கதை அர்த்தமில்லாத அசை இல்லதான், ஆனாலும் நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்ட துண்டு எனக்கு ஒரு தடவைகூட உதவினதில்ல. இன்னொண்ணு, ஸோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009-ல சொன்னது, ஒரு வேலைய பாதியில விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினா மனசு கொஞ்சம் முன்னதுலயே ஒட்டிக்கிட்டிருக்கும்னு. 2018-ல அவங்களும் தெரசா க்ளோம்பும் சேர்ந்து, எங்க விட்டேன், திரும்பி வந்ததும் என்ன பண்ணனும்னு சுருக்கமா குறிச்சு வெச்சுட்டுப் போனா அந்த ஒட்டல் குறையுதுன்னு காட்டினாங்க. அது ஆபீஸ் வேலை பத்தின ஆராய்ச்சி. ஆனா படிச்சப்போ எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு.

அடுத்தது எந்தப் புத்தகங்கள சேக்கறதுன்னு. ரெண்டு நாவல் ஒண்ணா வேண்டாம், அதுவும் ரெண்டுமே கூட்டுக்குடும்பக் கதைன்னா இந்த வீட்டு மருமகள் அந்த வீட்டுக்குப் போயிடுவா. ஒரு கதை, ஒரு கட்டுரை, ஒரு மொழி, காதால கேக்கற ஒண்ணு, இப்படி வகை மாறணும். நாலுக்கு மேல எனக்கு ஓடல, உங்களுக்கு ரெண்டுன்னா ரெண்டு.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் குடுத்துடுங்க. 1588-ல ராமெல்லின்னு ஒரு இத்தாலி எஞ்சினியர் நீராலைச் சக்கரம் மாதிரி ஒரு படிப்புச் சக்கரம் வரைஞ்சார், உக்காந்த இடத்துலேர்ந்து சுத்தினா ஒவ்வொரு புத்தகமும் விட்ட பக்கத்துலயே திறந்தபடி முன்னால வந்து நிக்கும். நமக்கு வீடும் மெட்ரோவும்தான் அந்தச் சக்கரம். 2023-ல பெங்களூர் மெட்ரோவோட பர்ப்பிள் லைன் முழுசா ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து நான் அல்சூர்ல ஏறி ஒயிட்ஃபீல்டு போறேன், பையில அந்த ஒரே புத்தகம்தான். நாவல் தலகாணிய விட்டு நகராது. இடம் மாறாம இருந்தா அங்க உக்காந்ததுமே மனசு தானா அந்தக் கதைக்குப் போயிடுது.

சந்தோஷம் எதுன்னு கேட்டா, புத்தகங்க ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிக்கறதுதான், இதுக்காகவே நான் இப்படிப் படிக்கறேன். கன்னடப் பாடத்துல ஹாலுன்னு வருது, ஹூவுன்னு வருது, ஹுலி, ஹல்லு, ஹத்து. ஒரு வாரம் கழிச்சுத்தான் சட்டுன்னு பிடிபட்டுச்சு, பால், பூ, புலி, பல், பத்து! பழைய கன்னடத்துல அங்க ப-தான் இருந்திருக்கு, அப்புறம் ஹ ஆயிடுச்சு. அதே சமயத்துல மெட்ரோ புத்தகத்துல தொம்மலூர் சொக்கநாதசாமி கோயில் பத்தி வருது, அங்க தமிழ்க் கல்வெட்டு இருக்கு, அதுல ஊர் பேர் தோம்பலூர். நான் தினம் மெட்ரோல போற வழிக்குப் பக்கத்து ஊர். அந்தக் கல்வெட்டெல்லாம் லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராஃபியா கர்நாடிகாங்கற கல்வெட்டுத் தொகுப்போட ஒன்பதாவது தொகுதியில 1905-லயே அச்சாகியிருக்கு. கோயிலுக்கு நிலம் எழுதி வெச்ச செய்திய பகல்ல படிச்சுட்டு ராத்திரி நாவலத் திறந்தா அங்க பெரியவர் நிலத்த எழுதிக் குடுக்கறார், அதுவரைக்கும் சலிப்பா இருந்த அந்த பத்திரப் பேச்சு எல்லாம் திடீர்னு உயிரோட நின்னுச்சு, ஒரு மனுஷன் தன் பேர் எத்தன தலைமுறைக்கு நிக்கும்னு நினைச்சு எழுதறான்னு புரிஞ்சுது. ஒண்ண முடிச்சுட்டு இன்னொண்ணு படிச்சிருந்தா இந்த ரெண்டும் சந்திச்சே இருக்காது.

கஷ்டமும் இருக்கு. பெரிய கஷ்டம் குழப்பம் இல்ல, தப்பிச்சு ஓடறதுதான். ஒரு புத்தகத்துல கடினமான இடம் வந்ததும் கை தானா சுலபமானதுக்குப் போகும், பத்து நாள் கழிச்சுப் பாத்தா அந்தக் கடினமான புத்தகம் அதே பக்கத்துல கிடக்கும். அதனால மாத்தறதுக்கு முன்னாடி உங்களையே கேளுங்க, களைப்பா இருக்கா இல்ல பயமா இருக்கா. களைப்புன்னா மாத்துங்க. பயம்னா இன்னும் ரெண்டு பக்கம் மட்டும் படிச்சுட்டு, புரியாதத துண்டுல கேள்வியா எழுதிட்டு மூடுங்க. மூணு வாரம் தொடாத புத்தகத்த அலமாரிக்கே அனுப்பிடுங்க, துண்டு உள்ளயே இருக்கட்டும், என்னைக்கு வேணா திரும்பலாம்.

சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் போனா ப்ளாசம் புத்தகக் கடையில கை சும்மா இருக்காது, தெரியும். வாங்குங்க, ஆனா ஒரு இடம் காலியாகற வரைக்கும் முதல் பக்கத்தத் திறக்காதீங்க.

கடைசி எண்பது பக்கம் வந்தாச்சுன்னா மத்த மூணையும் ஓரமா வெச்சுட்டு அந்த ஒண்ணையே ஒரே மூச்சுல முடிங்க, முடிவ துண்டு துண்டா படிக்கறது அந்தக் கதைக்குச் செய்யற அநியாயம். முடிச்சதும் ரெண்டு நாள் அந்த இடம் காலியாவே இருக்கட்டும்.

போன மாசம் அப்படி முடிச்ச நாவல, துண்டையும் உள்ளயே விட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். படிச்சுட்டு போன் பண்ணி, "கமலா ஏன் அழுதான்னு கேட்டியே, கடைசி வரைக்கும் அதுக்கு நீ பதிலே எழுதலையேடி"ன்னாங்க. திரும்பப் படிக்கணும், புத்தகத்த அனுப்பச் சொல்லியிருக்கேன்.