எக்ஸ்பெரிமெண்டல் மியூசிக்காரங்க மத்த கலைஞர்களோட சேரும்போது சொதப்புற இடங்கள்

டான்ஸரோ ஓவியரோ வீடியோ ஆர்ட்டிஸ்டோ, யாரோட சேர்ந்தாலும் முதல் மீட்டிங் எப்பவும் அருமையாத்தான் போகும். டெக்ஸ்சர், மௌனம், இடைவெளின்னு பேசி ரெண்டு பேரும் தலையாட்டிட்டுக் கிளம்பிடுவோம், மூணாவது வாரத்துலதான் அவங்க சொன்ன மௌனம் வேற நாம நினைச்ச மௌனம் வேறன்னு தெரியும். ஒரு தடவை நான் வேலை செஞ்ச டான்ஸர் "இந்த இடம் காலியா இருக்கட்டும்"னாங்க, சரின்னு நான் சத்தத்தை மொத்தமா நிறுத்திட்டேன், அவங்க என்ன நினைச்சிருந்தாங்கன்னா மேடையில ஆள் இருக்கக்கூடாது, என் சத்தம் மட்டும் ஓடணும்னு. ஒத்திகையில ரெண்டு நிமிஷம் ஆளும் இல்ல சத்தமும் இல்ல, லைட் போடுறவர் மட்டும் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு நின்னார்.

அதனால வார்த்தையில ஒத்துப்போறதை நம்பாதீங்க. முதல் வாரத்துலயே ஒரு நிமிஷத்துக்கு ஏதாவது சேர்ந்து பண்ணி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, கேவலமா இருந்தாலும் பரவாயில்ல, அதுக்கு அப்புறம் பேசுற பேச்சே வேற மாதிரி இருக்கும்.

அடுத்தது எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற ஒண்ணு. "ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்ஹாமும் தனித்தனியாத்தானே பண்ணாங்க, நாமளும் அவங்கவங்க வேலையைப் பாத்துட்டு ஷோ அன்னிக்கு ஒட்டிக்கலாம்"னு சொல்றது. கேஜ் அமெரிக்க இசையமைப்பாளர், கன்னிங்ஹாம் நடன அமைப்பாளர். அவங்க இசையும் நடனமும் தனித்தனியா உருவானது உண்மைதான், ஆனா மொத்த நேரம் எவ்வளவுன்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க, அதுமட்டுமில்ல 1938-ல சியாட்டில்ல ஒரு கலைப்பள்ளியில அறிமுகமானவங்க, ஆரம்ப வருஷங்கள்ல நடனத்தோட தாளக் கட்டமைப்பை ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணி அந்தச் சட்டகத்துக்குள்ளதான் வேலை செஞ்சாங்க. அதுக்கெல்லாம் அப்புறம் வந்த சுதந்திரம் அது. போன மாசம் அறிமுகமான ரெண்டு பேர் அதையே பண்ணா அது சுதந்திரம் இல்ல, ஒத்திகைக்கு வர சோம்பேறித்தனம். ஒண்ணே ஒண்ணையாவது பூட்டி வைங்க, நேரமோ, ஆரம்பிக்கிற கியூவோ (சைகை), எப்ப லைட் அணையணும்ங்கிறதோ, மிச்சத்தைத் திறந்து விட்டுக்கலாம்.

இடத்தைப் பாக்காம மியூசிக்கை எழுதி முடிச்சிடுறதும் அதே ரகம்தான். 1940-ல ஸிவில்லா ஃபோர்ட்ங்கிற டான்ஸருக்கு கேஜ் இசை பண்ண வேண்டியிருந்தது, தாளவாத்தியக் குழு வேணும்னு அவருக்கு ஆசை, ஆனா அந்த அரங்கத்துல அதுக்கு இடமே இல்ல, ஒரு பியானோ மட்டும்தான் இருந்துச்சு. கம்பிகளுக்கு நடுவுல ஸ்க்ரூ மாதிரி சாமானெல்லாம் சொருகிப் பாத்தார், அப்படி வந்ததுதான் ப்ரிப்பேர்டு பியானோ. இடம் பத்தலன்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சதாலதான் இதெல்லாம் நடந்துச்சு, நம்மள்ல பாதிப் பேருக்கு அது ஷோ அன்னிக்கு சாயங்காலம்தான் தெரியுது.

அசைவை உணர்ற சென்சார் கருவி இன்னொரு பெரிய குழி. டான்ஸர் கையில ஒரு சென்சாரைக் கட்டிட்டா அசைவே இசையாயிடும்னு ஒரு நினைப்பு. நடக்கிறது என்னன்னா ரெண்டாவது ஒத்திகையிலயே அவங்க ஆடுறதை விட்டுட்டு சத்தம் வருதா வருதான்னு கையை ஆட்டிப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, நல்ல டான்ஸர் ஒரு வால்யூம் குமிழா மாறிடுவாங்க. 1965-லயே கேஜ், கன்னிங்ஹாம் கூட்டணி மேடையில ஆன்டெனாவும் ஃபோட்டோசெல்லும் (வெளிச்சத்தை உணர்ற கருவி) வச்சு டான்ஸர் அசைவால சத்தத்தைத் தூண்டினாங்க (ஆன்டெனா பண்ணிக் கொடுத்தது சின்தசைஸர் புகழ் ராபர்ட் மூக்), ஆனா எந்தச் சத்தம், எவ்வளவு தூரம் வெளிய போகணும்ங்கிறது மிக்ஸர்ல உக்காந்திருந்த இசைக்கலைஞர்கள் கையிலதான் இருந்துச்சு. டான்ஸர் ஆடினா போதும், ரிசல்ட்டுக்கு அவங்க பொறுப்பில்ல. அறுபது வருஷம் ஆகியும் இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியல.

க்ரெடிட். யாரும் பேச விரும்பாத சப்ஜெக்ட், நண்பர்களா இருந்தா இன்னும் மோசம். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில பிலிப்ஸ் கம்பெனிக்கு ஒரு பெவிலியன் (கண்காட்சிக் கூடம்) கட்டினாங்க, உள்ள இசையமைப்பாளர் வாரேஸோட எலெக்ட்ரானிக் இசை, கூடவே படங்கள், வண்ண ஒளி. கட்டிடத்தோட அந்த வளைஞ்ச வடிவத்துல பெரும்பகுதி வேலை கட்டிடக்கலைஞர் லெ கொர்புசியே ஆபீஸ்ல இருந்த ஸெனாக்கிஸோடது, அவர் இசையமைப்பாளரும் கூட, ஆனா பேர் மட்டும் முதலாளிக்குப் போறதா இருந்துச்சு, தன் பேரும் வரணும்னு அவர் சண்டை போட வேண்டியதாயிடுச்சு. அடுத்த வருஷமே அந்த ஆபீஸோட உறவு முடிஞ்சது. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே இந்தக் கதி. போஸ்டர்ல பேர் எப்படி வரும், ரெக்கார்டிங் யாருக்குச் சொந்தம், அந்த வீடியோவை அவங்க வேற இடத்துல காட்டினா உங்க இசைக்கு என்ன, இதெல்லாம் ஒரு ஈமெயில்ல நாலு வரி போதும். காசும் அதே ஈமெயில்லயே வந்துடட்டும், ஏன்னா செட்டுக்கும் ப்ரொஜெக்டருக்கும் போக மிச்சம் இருந்தா மியூசிக்குங்கிற கணக்குதான் நிறைய இடத்துல. இன்ஸ்டலேஷனா இருந்தா திறப்பு விழாவுக்கு அப்புறம் தினமும் யார் வந்து ஆன் பண்றது, ஸ்பீக்கர் போனா யார் மாத்துறதுன்னும் எழுதிக்கோங்க.

டெக்னிக்கல் சொதப்பல் ரெண்டு சொல்லிடறேன். வீடியோ ஆளுங்க பொதுவா 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்ல (ஒரு செகண்டுக்கு சத்தத்தை எத்தனை தடவை பதியறோம்ங்கிற கணக்கு) வேலை செய்வாங்க, நீங்க 44.1-ல கொடுத்த ஃபைலை எங்கயாவது ஒரு மெஷின் மாத்தாம அப்படியே 48-னு நினைச்சு ஓட்டினா பத்து நிமிஷ பீஸ் 9 நிமிஷம் 11 செகண்ட்ல முடிஞ்சிடும், ஸ்ருதியும் கிட்டத்தட்ட ஒண்ணரை அரைஸ்வரம் மேல ஏறிடும். கொடுமை என்னன்னா ஒரே ஸ்வரம் நீளமா இழுத்துட்டே போற ட்ரோன் இசையில இது யாருக்குமே தெரியாது, கடைசி ஒளி மாற்றம் மௌனத்துல நடக்கும்போதுதான் முழிப்போம்.

இன்னொண்ணு டிம்மர், அதாவது லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி. மேடை விளக்கு டிம்மரோட கேபிள் பக்கத்துலயே உங்க கான்டாக்ட் மைக் (பொருள் மேல ஒட்டி அதோட அதிர்வைப் பிடிக்கிற மைக்) ஒயரும் ஓடினா, லைட் பாதி மங்கும்போது ஒரு ரீங்காரம் ஏறும், ஒத்திகையில லைட் முழுசா எரிஞ்சுட்டிருந்ததால யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அதனால ஒத்திகையை லைட் கியூவோடயே பண்ணுங்க, ஒயரைத் தள்ளிப் போடுங்க, தவிர்க்க முடியலன்னா குறுக்கா மட்டும் கடக்க விடுங்க. "நல்லாத்தானே இருக்கு"ன்னு அந்த ரீங்காரத்தையே பீஸ்ல சேத்துக்கறவங்களும் உண்டு, நானே பண்ணிருக்கேன், அடுத்த அரங்கத்துல போய் அதைத் தேடிட்டு நின்னேன்.