கடையோடு நிலமும் கைமாறும்போது: புதிய தரகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் மோட்டல், மதுக்கடை, பெட்ரோல் நிலையம் போன்றவற்றை விற்றுத் தரும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பேசும்போதெல்லாம், நான் தொடக்கத்தில் செய்த பிழையையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். படிவத்தைத் தப்பாக நிரப்புவது, கட்டணத்தைத் தாமதமாகக் கட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே அவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிலம் இல்லையென்றால் உரிமம் வேண்டாம் என்று நினைப்பது

இந்த மாநிலத்தின் தொழில் சட்டத் தொகுப்பில் 10131ஆம் பிரிவு, நிலம், கட்டடம் ஆகியவற்றோடு, நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தின் விற்பனையையும் ரியல் எஸ்டேட் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் மளிகைக் கடையைக் கமிஷனுக்கு விற்றுத் தந்தாலும் உரிமம் வேண்டும். ஃபுளோரிடாவிலும் இப்படித்தான். நெவாடாவில் ரியல் எஸ்டேட் உரிமத்துக்கு மேல் வியாபாரத் தரகுக்கென்று தனி அனுமதியும், இல்லினாயில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவும் தேவை. ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொரு மாநிலத்தில் நம்பி இறங்கக் கூடாது.

உரிமம் கைக்கு வருமுன் பேரத்தில் இறங்குவது

தரகரின் கீழ் வேலை செய்யும் விற்பனையாளருக்கான ரியல் எஸ்டேட் உரிமத் தேர்வில் 150 கேள்விகள். 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. நான் தேர்ச்சி பெற்ற அன்றே உரிமம் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே நெடுஞ்சாலையோரத்தில், நிலத்தோடு விலைக்கு வந்த மோட்டல் ஒன்றின் உரிமையாளர் எனக்குப் பழக்கமானவர். அவர் கேட்டது 18,50,000 டாலர். வாங்க வந்தவர் சொன்னது 17,20,000. ஏழு வாரம் இருவருக்கும் நடுவே போய்வந்து, 17,90,000 என்று முடித்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் பேசிய தொகையை, தேதியோடு ஒரு மஞ்சள் தாளில் எழுதி வந்தேன். எனக்கு 40,000 டாலர் தருவதாக வாய்ப்பேச்சு.

விற்பனை முடிந்ததும் மோட்டல் உரிமையாளர் அதைக் கொடுக்க மறுத்தார். வழக்கறிஞர் என் மஞ்சள் தாளையும் உரிமத்தையும் அருகருகே வைத்துத் தேதிகளை மட்டும் பார்த்தார். நான் எழுதிய கடைசித் தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உரிமம் வழங்கப்பட்டிருந்தது. 10136ஆம் பிரிவின்படி, உரிமம் இருந்ததை மெய்ப்பிக்காதவர் கமிஷன் கேட்டு வழக்காட முடியாது. பின்னால் வாங்கிய உரிமம் முன்னால் செய்த வேலைக்கு உதவாது. உரிமம் இருந்திருந்தாலும், விற்பனையாளர் உரிமம் பெற்றவர் தம்மை அமர்த்திய தரகர் மூலமாகத்தான் கமிஷன் பெற முடியும். நிலம் கலந்த விற்பனை என்பதால், குடிமைச் சட்டத் தொகுப்பின் 1624ஆம் பிரிவுப்படி கமிஷன் உடன்பாடு எழுத்திலும் இருந்திருக்க வேண்டும். ஏழு வார உழைப்புக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. போன மாதம் ஓர் இளைஞர், "ஆள் மட்டும்தான் சார் காட்டிவிடுகிறேன், விலையையும் லேசாகப் பேசிவிடுவேன்" என்றார். அந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து. இருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்பவருக்குச் சட்டம் இடம் தருகிறது. விலையையோ நிபந்தனையையோ பேசத் தொடங்கியவுடன் அது தரகு வேலை. உரிமமின்றி அதைச் செய்தால் 20,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அவருக்குப் பங்கு கொடுக்கும் தரகரின் உரிமத்துக்கும் ஆபத்து.

பங்குகள் கைமாறுவதைக் கவனிக்காமல் விடுவது

சொத்துகளை விற்காமல் நிறுவனத்தின் பங்குகளை விற்றால், முழுப் பங்குகளும் கைமாறினாலும் அது பங்குப் பத்திர விற்பனையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. சிறு நிறுவனங்களின் விற்பனையை முடித்துத் தரும் தரகர்களுக்கு 2023 மார்ச் முதல், பங்குப் பத்திரத் தரகராகக் கூட்டாட்சி அரசிடம் பதிவு செய்வதிலிருந்து விலக்கு உண்டு. அதன் நிபந்தனைகளை வழக்கறிஞரிடம் காட்டாமல் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

மதுக்கடைப் பணத்தை நேரடியாகக் கைமாற்றுவது

மது விற்பனை உரிமத்தை வாங்குபவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கும் முன்பே பணம் எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவரின் காப்பில், இருக்க வேண்டும்.

கடைக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லாத ஒப்பந்தங்கள்

இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுவது வழக்கம்தான். ஆனால் ஒன்று நிறைவேறாவிட்டால் மற்றதும் செல்லாது என்ற நிபந்தனை இரண்டிலும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வங்கி நிலத்துக்குக் கடன் மறுத்த பிறகும் வாங்குபவர் கடைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும்.